லைட்டை அணைக்காமல் ஒரு காட்சி: ஓட்டிசம் உள்ளவர்களுக்குத் தியேட்டரை ஆயத்தப்படுத்துவது

ஓட்டிசம் உள்ள பலர் படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்துவிடுவதற்குப் படம் காரணமில்லை. சட்டென்று கவியும் இருட்டும் காதில் அறையும் விளம்பரச் சத்தமும்தான் காரணம். இரண்டையும் மாற்றப் பெரிய செலவு வராது. அமெரிக்காவில் ஏ.எம்.சி. தியேட்டர்கள் 2007 முதல் இப்படித் தனிக் காட்சிகள் போடுகின்றன. கண்டியிலும் பதுளையிலும் போட முகாமையாளரின் சம்மதமும் படம் ஓட்டும் ஒப்பரேட்டரின் கொஞ்ச நேரமும் போதும்.

காட்சிக்கு லீவு நாளின் காலை நேரத்தைக் கேளுங்கள். பெரிய நடிகரின் படம் என்றால் முதல் இரண்டு வாரம் வேண்டாம். விசிலும் வெடியும் ஓயட்டும். இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் படம் நல்லது. 3டி வேண்டவே வேண்டாம். டிக்கட்டைப் பாதி சீட்டுக்கு மட்டும் விற்கச் சொல்லுங்கள். கூட வரும் ஒருவருக்கு டிக்கட் இலவசம் என்றால் நிறையக் குடும்பங்கள் வரும்.

பாதி வேலை புரொஜெக்டர் அறையில். சத்தத்தைக் குறைப்பதாகச் சொல்லிவிட்டு ஓட்டத்தில் மறந்துவிடுவார்கள், ஆகவே எண்ணாகவே பேசுங்கள். ஹோலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டொல்பி புரொசெசரில் 7 என்பது நியம அளவு. 4க்கு மேலே ஒரு எண் இறக்கினால் சுமார் 3.3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். 5.5இல் ஓடுகிற ஹோல் என்றால் 4.5 போதும். 4க்குக் கீழே ஒரு எண்ணுக்கு 20 டெசிபல் விழும், வசனமே கேட்காது. பாட்டும் சண்டையும் வரும் இடத்தைப் போட்டுக் கேட்டுத்தான் எண்ணை முடிவு செய்ய வேண்டும், அமைதியான முதல் காட்சியை வைத்து அல்ல. ஆட்களின் உடம்பும் உடுப்பும் சத்தத்தைக் குடிப்பதால், பாதி காலியான ஹோலில் அதே எண் இன்னும் உரத்துக் கேட்கும். நெஞ்சை அதிர வைக்கும் சப்வூபர் ஸ்பீக்கரைத் தனியாகவும் குறைக்கலாம்.

லைட் விஷயத்தில் எல்லோரும் தவறுவது ஓர் இடத்தில். பின்சுவர், பக்கச்சுவர் லைட்டுகளைக் கால்வாசி வெளிச்சத்தில் விட்டிருப்பார்கள். படம் தொடங்கியதும் எல்லாம் தானாக அணைந்துவிடும். எது எப்போது ஓட வேண்டும் என்று மெஷினில் போட்டு வைக்கும் டிஜிட்டல் பிளேலிஸ்ட்டில் லைட்டை அணைக்கும் கட்டளை அப்படியே கிடப்பதுதான் காரணம். விளம்பரமும் டிரெய்லரும் இல்லாத புதிய பிளேலிஸ்ட் ஒன்றைச் செய்யச் சொல்லி, அந்தக் கட்டளையையும் எடுக்கச் சொல்லுங்கள். இடைவேளைக்கு லைட்டைப் பளிச்சென்று போடும் கட்டளைக்கும் அதே கதிதான். மின்சாரம் போனால் யார் டோர்ச்சோடு நின்று பேசுவது என்பதையும் முன்பே தீர்மானியுங்கள்.

கழிவறையில் கை உலர்த்தும் மெஷினின் பிளக்கைக் கழற்றிவிட்டு டிஷு வையுங்கள். வெளிச்சாப்பாட்டுக்குத் தடை இருந்தால் அன்று தளர்த்த வேண்டும். ஒரே வகைச் சாப்பாட்டை மட்டும் சாப்பிடுபவருக்கு பொப்கோன் உதவாது. எழுந்து நடப்பதும் கை தட்டுவதும் சத்தமாகப் பேசுவதும் இந்தக் காட்சியில் பிழையில்லை என்று வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

வீட்டில் தொடங்க வேண்டியது ஒரு வாரம் முன்பு. பஸ், வாசல், டிக்கட் கவுண்டர், கழிவறை, சீட், திரை என்று எட்டுப் பத்துப் போட்டோ எடுத்து, நடக்கப்போகும் வரிசையில் தினமும் காட்டுங்கள். ஹார்ட்வெயார் கடையில் விற்கும் காதுக்கவசம் போதும். ஆனால் அதை வீட்டில் தினமும் பத்து நிமிடம் போட்டுப் பழக்காவிட்டால், அன்று கவசமே தொல்லையாகிவிடும்.

மலைநாட்டில் ஹோலுக்குள் போவதற்கு முன்பே களைப்பு வந்துவிடும். ஹட்டனில் இருந்து கினிகத்தேனை வளைவுகளில் இறங்கிக் கண்டிக்கு வருபவருக்குக் குமட்டும்; அதைச் சொல்லத் தெரியாதவர் கோபமாகத்தான் காட்டுவார். முன் சீட்டில் இருத்துங்கள், கனத்த சாப்பாடு வேண்டாம், வந்து இறங்கியதும் அரைமணி நேரமாவது ஓய்வு கொடுங்கள். மழையில் நனைந்த சொக்ஸோடு ஏ.சி.யில் உட்காருவது பலருக்குத் தாங்காது. உலர்ந்த சொக்ஸும் பழகிய சுவெட்டரும் பையில் இருக்கட்டும்.

சீட் வரிசையின் ஓரத்தில், கதவுக்குக் கிட்ட எடுங்கள். மடங்கும் சீட் எடை குறைந்த பிள்ளையோடு சேர்ந்து மடியும், எடைக்குப் பையைச் சீட்டிலேயே ஒரு பக்கம் வையுங்கள்.

நிலை குலைந்துவிட்டால் ஒருவர் மட்டும் பக்கத்தில் இருங்கள். கேள்வி கேட்காதீர்கள், பிடித்து இழுக்காதீர்கள், சுற்றி நிற்பவர்களை நகரச் சொல்லுங்கள். வெளியே அமைதியான ஒரு மூலையை முன்பே பார்த்து வைத்திருந்தால் அங்கே போகலாம். இடைவேளையோடு கிளம்ப வேண்டி வந்தாலும் பரவாயில்லை. சீட் நம்பரை எழுதி வைத்து, அடுத்த தடவை அதே சீட்டைக் கேளுங்கள்.