லிங்க்ட்இன்னில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது

போன வருடம் கோடையில் எங்கள் தெருப் பையன் ஒருவன், டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன், ஒரு ஏஜென்ட்டுக்கு 40,000 ரூபாய் அனுப்பினான். கத்தாரில் ஏசி மெக்கானிக் வேலை, விசா தயார், மெடிக்கலுக்கும் டிக்கெட்டுக்கும் முன்பணம் மட்டும் போதும் என்றார்களாம். பணம் போன மறுநாளே அந்த நம்பர் அணைந்துவிட்டது. ஏன்டா யாரிடமும் விசாரிக்காமல் அனுப்பினாய் என்று கேட்டேன். "லிங்க்ட்இன்ல அந்த ஆளோட பக்கத்துல உங்க பேர் இருந்துச்சுக்கா. நீங்க சேர்த்திருக்கீங்கன்னா நல்ல ஆளாத்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றான்.

அந்த ஆளை நான் பார்த்ததும் இல்லை, பேசியதும் இல்லை. எப்போதோ ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, குவிந்து கிடந்த கோரிக்கைகளை வரிசையாக ஏற்றுக்கொண்டே போனபோது அவரும் உள்ளே வந்திருக்கிறார். நான் பாம்பன்காரி. மண்டபம் பக்கம் ஒரு கடலுணவு ஏற்றுமதி கம்பெனியின் லேபில் ஒன்பது வருடமாக வேலை. வேலை தேடுவோரும் கொடுப்போரும் தொடர்பு வைத்துக்கொள்ளும் லிங்க்ட்இன் தளத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கணக்கு திறந்து கொடுத்ததே நான்தான், அதனால் அவர்கள் பட்டியலில் முதல் பேராக நான் இருக்கிறேன். அந்தப் பையன் பணம் இழந்த பிறகு என் பட்டியலை ஒவ்வொரு பேராக உட்கார்ந்து பார்த்தேன், அதில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தளம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒருவரை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அவர் உங்கள் நேரடி வட்டத்துக்குள் வந்துவிடுகிறார். ப்ரொஃபைலில் ஈமெயிலோ ஃபோன் நம்பரோ போட்டு, செட்டிங்ஸைத் தொடாமல் விட்டிருந்தால் அதை அவர் பார்க்கலாம். நீங்கள் யார் யாரைச் சேர்த்திருக்கிறீர்கள் என்ற பட்டியலும் தெரியும். அப்புறம் உங்களைச் சேர்த்திருக்கும் இன்னொருவர் அவருடைய பக்கத்துக்குப் போனால், இருவருக்கும் பொதுவானவர் என்று உங்கள் பேரையும் படத்தையும் தளமே எடுத்துக் காட்டுகிறது. பட்டியலை மறைக்க செட்டிங்ஸில் வழி உண்டு, உடனே மறைத்துவிடுங்கள். ஆனால் பொதுவானவர்கள் யார் என்பதை மறைக்க வழியில்லை. ஆகவே நீங்கள் 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் ஒவ்வொரு முறையும் உங்களை நம்பும் அத்தனை பேரிடமும் அந்த ஆளுக்காக ஜாமீன் நிற்கிறீர்கள். கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டால் எவ்வளவு யோசிப்போம், இதற்கு மட்டும் ஏன் யோசிப்பதில்லை?

அதனால் நான் இப்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆள் நாளைக்கு எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு ஃபோன் போட்டு, பாம்பன் அக்கா எனக்குத் தெரிந்தவர்தான் என்று சொன்னால் எனக்குச் சம்மதமா? சம்மதம் என்றால் சேர்ப்பேன். கொஞ்சம் தயக்கமாக இருந்தால் விசாரிப்பேன். இல்லை என்றால் அவர் எத்தனை பெரிய பதவியில் இருந்தாலும் வேண்டாம்.

எண்ணிக்கைக்காகச் சேர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 30,000 பேர் வரை சேர்க்க இடம் இருக்கிறது, ஆனால் 500-ஐத் தாண்டியதும் உங்கள் பக்கத்தில் 500+ என்று மட்டும்தான் காட்டும். 501 பேர் வைத்திருப்பவரும் 5,000 பேர் வைத்திருப்பவரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். கண்ணி சிறுத்த வலையை இழுத்தால் பாரம் ஏறும், கரைக்கு வந்து கொட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் சங்காயமாக, அதாவது சாப்பிட உதவாத பொடி மீனாக இருக்கும், கோழித்தீவனத்துக்குத்தான் போகும். இது எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சரி, யாரைச் சேர்க்கலாம்? கூடப் படித்தவர்கள், பாடம் எடுத்த ஆசிரியர்கள், பயிற்சிக்குப் போன இடத்தில் வேலை சொல்லிக்கொடுத்தவர், இவர்களுக்கு யோசனையே தேவையில்லை. நம் பிள்ளைகள் இவர்களைத்தான் விட்டுவிடுகிறார்கள், எங்கோ ஒரு பெரிய கம்பெனியின் தலைவருக்குக் கோரிக்கை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். உங்களுக்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் அதே கல்லூரியில் படித்து இப்போது வேலையில் இருக்கும் சீனியர்தான் உங்களுக்கு அதிகம் பயன்படுவார். எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு இன்னும் மறந்திருக்காது.

அடுத்து, தூரத்துப் பழக்கம். 1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் ஒரு கட்டுரையில் சொன்னார், வேலை பற்றிய புதுத் தகவல் நெருங்கியவர்களிடமிருந்து வருவதைவிட எப்போதாவது பார்த்துக்கொள்ளும் பழக்கமுள்ளவர்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது என்று. யோசித்தால் நியாயம்தான், நம் தெருக்காரருக்கு என்ன தெரியுமோ அது பெரும்பாலும் நமக்கும் தெரியும். 2022-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரின் ஐந்து வருடத் தொடர்புகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தது. வேலை மாற அதிகம் உதவியவர்கள் முற்றிலும் அந்நியரும் இல்லை, நெருங்கியவரும் இல்லை, இரண்டுக்கும் நடுவே இருப்பவர்கள் என்று வந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை: கணினியை அதிகம் பயன்படுத்தாத தொழில்களில் நெருங்கிய தொடர்புகளே கூடுதலாக உதவின. மீன் தொழிலில் நான் பார்த்ததும் அதுதான். ஐஸ் பிளான்ட்டிலோ, மீன் பதனிடும் கம்பெனியிலோ, படகுப் பட்டறையிலோ வேலைக்கு ஆள் எடுப்பது தெரிந்தவர் சொல்லித்தான் நடக்கிறது. ஐடி, கணக்கு, டிசைன் என்று போகிற பிள்ளைகள் தூரத்துப் பழக்கத்தைத் தேடட்டும். கடல் தொழிலை ஒட்டி இருக்க நினைப்பவர்கள் உள்ளூர் ஆட்களை விட்டுவிடாதீர்கள்.

நடுவே இருப்பவர் என்றால் யார்? என்னை எடுத்துக்கொண்டால் கொச்சியில், தூத்துக்குடியில், குஜராத்தின் வெராவலில் என்னைப்போலவே லேபில் இருப்பவர்கள். இறாலில் ஆன்டிபயாடிக் எச்சம் பார்ப்பது எப்படி, ஐரோப்பாவுக்குப் போகும் கன்டெய்னர் திரும்பி வந்தால் என்ன பேப்பர் கேட்பார்கள் என்று அவர்களிடம் கேட்க எனக்கு இருக்கிறது, அவர்கள் என்னிடம் கேட்கவும் இருக்கிறது. கடல்பாசி வளர்ப்பில் இருக்கும் பெண்கள், அவர்களிடம் வாங்குபவர்கள், மீன்வளம் படிக்கும் மாணவர்கள் என்று வந்தால் நான் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன்.

பெரிய ஆட்களுக்குப் 'பின்தொடர்' பட்டன் போதும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகமே, 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை இருபது வருடத்துக்கு மேல் இங்கேதான் இருந்தது, நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. அங்கே இருக்கும் விஞ்ஞானி ஒருவர் எழுதுவதைப் படிக்க அவர் உங்களை ஏற்க வேண்டியதில்லை. பின்தொடருங்கள், நாலைந்து மாதம் படியுங்கள், புரியாததை அந்தப் பதிவின் கீழேயே கேளுங்கள். அவர் இரண்டு முறை பதில் சொல்லிவிட்டார் என்றால் அதன் பிறகு கோரிக்கை அனுப்பலாம், அப்போது உங்கள் பேர் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இனி ஏஜென்ட்டுகள். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு உண்டா? அதனால் ஏஜென்ட் என்றாலே ஒதுக்கு என்று சொல்ல மாட்டேன், நல்லவர்கள் இருக்கிறார்கள், அவர்களால் பிழைத்த குடும்பங்களும் இருக்கின்றன. ஆனால் சேர்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983-ஆம் வருட குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு வேண்டும். இமைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. பேரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள், தளத்தில் நீங்களே தேடுங்கள், அவர் அனுப்பும் ஃபோட்டோவை நம்பாதீர்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக வாங்க முடிந்தது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான், ரசீதோடு. கப்பல் வேலை என்றால் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் தரும் ஆர்பிஎஸ்எல் உரிமம் வேண்டும், அந்த உரிமம் உள்ளவர் வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது. பதிவு எண் கேட்டதும் கோபப்படுகிறாரா, பேச்சை மாற்றுகிறாரா, உடனே வாட்ஸ்அப்புக்கு வா என்கிறாரா? விட்டுவிடுங்கள்.

தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங், டேட்டா என்ட்ரி என்று வந்தால் இன்னும் கவனம். அப்படிச் சொல்லிக் கூட்டிப்போய் மியான்மருக்குள் கடத்தி, மோசடி செய்யும் வேலையில் அடைத்து வைத்ததாக 2022-இலேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்திருக்கிறது.

ப்ரொஃபைலைப் பார்த்தும் நிறையத் தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்திலும் கூடுதல் விவரத்துக்கான பட்டனுக்குள் 'இந்த ப்ரொஃபைல் பற்றி' என்று ஒரு பகுதி இருக்கும். கணக்கு எந்த மாதம், எந்த வருடம் திறந்தது, படம் எப்போது மாற்றியது, அடையாளம் சரிபார்க்கப்பட்டதா என்று அங்கே வரும். பதினைந்து வருட அனுபவம் என்று எழுதியிருக்கும், கணக்கோ போன மாதம் திறந்ததாக இருக்கும். அது மட்டுமே குற்றம் ஆகாது, ஆனால் அதோடு எழுதிய பதிவு ஒன்றுகூட இல்லை, படித்த இடம் தெளிவில்லை, விளம்பரப் படத்தில் வருவதுபோல ஒரு முகம் என்று எல்லாம் சேர்ந்தால் நான் தொடுவதில்லை. பொதுவான நண்பர் இருக்கிறார் என்பதை மட்டும் சாட்சியாக எடுக்காதீர்கள். அந்த நண்பருக்கு ஒரு மெசேஜ் போட்டு, இவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். எங்கள் பையன் என்னிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், தெரியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். அவன் கேட்காதது தப்பில்லை, என் பேர் அங்கே இருந்ததுதான் தப்பு.

கீழக்கரையில் எனக்குத் தெரிந்த தங்கச்சி ஒருத்தி, கணக்குப் பிரிவில் வேலை தேடுகிறவள், ஒருநாள் கேட்டாள்: "லாத்தா, ஏத்துக்கிட்டதுமே ஃபோட்டோ நல்லாருக்குன்னு ஒருத்தர் அனுப்புறாரு. பெரிய பதவியில இருக்காரு, வெட்டிவிட்டா வேலை போயிடுமோ?" போகாது. வேலை கொடுப்பவர் வேலையைப் பற்றித்தான் பேசுவார். ஒருவரை நீக்கினால் அவருக்குத் தளம் அறிவிப்பு அனுப்புவதில்லை, கோரிக்கையை ஒதுக்கினாலும் அனுப்புவதில்லை. மீண்டும் தொல்லை என்றால் பிளாக் செய்யுங்கள், புகார் பட்டனும் அங்கேயே இருக்கிறது. மெசேஜை அழிப்பதற்கு முன்னால் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் பறிபோனால் நேரம் கடத்தாமல் 1930-க்கு அடியுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. எங்கள் பையன் வீட்டுக்குப் பயந்து ஆறு நாள் மறைத்துவிட்டான்.

நீங்கள் கோரிக்கை அனுப்பும்போது குறிப்பு எழுதுங்கள். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில குறிப்புகள்தான் எழுத விடுகிறார்கள், அதனால் முக்கியமானவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம் சொல்லி, நான் இன்னார், உங்களை இந்த இடத்தில் பார்த்தேன் அல்லது நீங்கள் எழுதிய இதைப் படித்தேன், இதைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைக்கிறேன், அவ்வளவு போதும். "மண்டபத்தில் நடந்த பயிற்சியில் கடல் விரால் குஞ்சு வளர்ப்பு பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன், நான் மூன்றாம் வருடம் மீன்வளம் படிக்கிறேன், கூண்டு மீன் வளர்ப்பில் இருப்பவர்களைத் தெரிந்துகொள்ள நினைக்கிறேன்" என்று ஒரு மாணவி எனக்குத் தெரிந்தவருக்கு எழுதினாள், அன்றைக்கே ஏற்றுக்கொண்டார். முதல் வரியிலேயே வேலை வாங்கித் தர முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் வருவது அபூர்வம்.

சொந்தக்காரரும் ஊர்க்காரரும் அனுப்பினால்தான் நமக்குச் சங்கடம். மாமா மகன் வட்டிக்கு விடும் ஆப் ஒன்றின் ஏஜென்டாக இருந்தால் என்ன செய்வது? நான் ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டேன், நல்லது கெட்டதுக்கு வீட்டுக்கு வாங்க மச்சான், இதை வேலைக்கு மட்டும் வைத்திருக்கிறேன் என்று. கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை, அப்புறம் சரியாகிவிட்டது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், எங்கள் லேபிலும் வேலை குறையும். இந்தத் தடவை அந்த நாட்களில் தினம் இருபது பேராக என் பட்டியலைப் பார்த்தேன். இவர் யார் என்று அரை நிமிடத்தில் சொல்ல முடியாதவர்களை நீக்கினேன், பதிவு எண் சொல்லாத ஏஜென்ட்டுகள் அத்தனை பேரையும் நீக்கினேன். நீக்குவதோடு விடாமல், அந்த ஏஜென்ட்டுகளுக்கும் எனக்கும் பொதுவாக இருந்த நம்மூர்ப் பிள்ளைகள் யார் என்று நீக்கும் முன்பே எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் தனியாக மெசேஜ் போட்டேன்: "இவரை எனக்குத் தெரியாது, என் பேரைப் பார்த்துச் சேர்த்திருந்தால் எடுத்துவிடு." பதினாலு பேருக்கு அனுப்பினேன். இரண்டு பேர் அந்த வாரமே பணம் கட்ட இருந்தார்களாம்.