விமான தூரக் கணக்கு: சரியாக இருப்பதுபோல் ஏமாற்றும் தவறுகள்

இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து இடைத்தூரம் கணக்கிடும்போது வரும் தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன். டிகிரியை ரேடியனாக (கோணத்தின் இன்னொரு அலகு) மாற்ற மறப்பது, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போடுவது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். விடையைப் பார்த்ததுமே சிரிப்பு வந்துவிடும், நீங்களே திருத்திவிடுவீர்கள்.

பக்கத்தில் சோதித்துவிட்டுத் தூரத்தை நம்புவது

அட்சரேகை, தீர்க்கரேகை வித்தியாசங்களை ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று மாற்றி, அப்புறம் தட்டையான வரைபடத்தில் போல் பிதாகரஸ் தேற்றம். எல்லோரும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், நானும்தான். துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும், 60 டிகிரியில் அந்த 111 பாதியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். உடனே தீர்க்கரேகை வித்தியாசத்தைச் சராசரி அட்சரேகையின் கோசைனால் பெருக்கி, பக்கத்துப் பக்கத்து விமான நிலையங்கள் இரண்டை எடுத்துச் சரிபார்ப்போம். அச்சுப் பிசகாமல் வரும். வினையே அங்கேதான்.

நான் அந்தச் சூத்திரத்தோடு ஒரு அட்டவணை முழுவதையும் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதை வைத்து எரிபொருள் செலவை மதிப்பிட்டவர்கள்தான் தூரம் அதிகமாக இருக்கிறதே என்று திருப்பி அனுப்பினார்கள். லண்டன் ஹீத்ரோவிலிருந்து டோக்கியோ நரிட்டாவுக்கு வெறும் பிதாகரஸ் சுமார் 15,700 கிலோமீட்டர் காட்டும், கோசைன் போட்டால் சுமார் 11,450. உண்மையில் சுமார் 9,600தான். முதல் விடையை யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டாவதை நம்பிவிடுவார்கள், நானே நம்பினேனே.

கோசைன் டிகிரியின் நீளத்தைத்தான் திருத்துகிறது, பாதையைத் திருத்துவதில்லை. உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறி, ஏறத்தாழ 71 டிகிரியைத் தொட்டு, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டித்தான் கீழே இறங்கும். இதுதான் பெருவட்டப் பாதை. இதன் நீளத்தை அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்தே தரும் ஹாவர்சைன் சூத்திரம் இருக்கிறது, பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போதும். சோதிப்பதானால் கண்டம் தாண்டிய ஜோடியை எடுத்துச் சோதியுங்கள். போன மாதம்கூட ஒருவர், "சின்ன தூரத்துல செக் பண்ணிட்டேன் சார்" என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

எந்த மைல்?

1.609 கிலோமீட்டர் கொண்ட சாதாரண மைலா, 1.852 கிலோமீட்டர் கொண்ட கடல் மைலா? கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நிமிடங்கள் தசமம் அல்ல

ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். அதனால் 51 டிகிரி 28 நிமிடம் என்றால் 51.28 அல்ல, 51.47. இந்த இடைவெளியே 21 கிலோமீட்டர்.

தூரத்தை வைத்து நேரம் சொல்வது

ஹெல்சிங்கி, டோக்கியோ இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், சுற்றிப் போக வேண்டியதாகி, ஒன்பதரை மணி நேரப் பயணம் 13 மணி நேரத்துக்குப் போய்விட்டது. பெருவட்ட தூரம் என்பது விமானம் உண்மையில் பறந்த தூரம் அல்ல. போதாததற்குக் காற்று வேறு இருக்கிறது.

தசமப் புள்ளி மோகம்

பூமியை முழு உருண்டையாக எடுத்துக்கொண்டதிலேயே அரை சதவீதம் வரை பிசகலாம். 9,600-க்கு அது 48 கிலோமீட்டர். இதில் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் எதற்கு?