சத்தமின்றி வரும் ஆபத்துகள்: குழந்தையின் முதல் ஓராண்டுப் பராமரிப்பு

பச்சிளங் குழந்தையை வைத்திருப்பவர்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எதற்கு உடனே மருத்துவரிடம் விரைய வேண்டும், எதைப் பொறுத்திருந்து பார்க்கலாம் என்று பிரித்துச் சொல்பவர்கள் குறைவு. விக்கல், தும்மல், பால் கக்குதல், தூக்கத்தில் திடுக்கிடுதல், மாலை நேரத்து ஓயாத அழுகை ஆகியவை பெற்றோரை மிகவும் கலங்கடிக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கேடற்றவை. மெய்யான ஆபத்துகளோ பல வேளைகளில் ஓசையின்றி வருகின்றன. பால் போதாத குழந்தை அழாமல் தூங்கியே கிடக்கலாம். மூச்சுக்குழாய் அடைபட்ட குழந்தையால் இருமவும் முடியாது. தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்துவதில்லை. ஆகவே இக்கட்டுரை அந்த அமைதியான குறிகளைப் பற்றியே மிகுதியும் பேசுகிறது.

பால் போதுமா என்று அறிவது

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கி, முதல் 6 மாதங்களுக்கு அதை மட்டுமே கொடுத்து, பிறகு இணை உணவுடன் 2 வயது வரையோ அதற்கு மேலோ தொடர வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதல் சில நாட்களில் சுரக்கும் சீம்பால் அளவில் குறைவாக இருப்பதைக் கண்டு, பாலே இல்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தக் குறைந்த அளவே அப்போதைய சிறிய இரைப்பைக்குப் போதுமானது. நோய் எதிர்ப்புப் பொருள்களும் அதில் செறிந்துள்ளன. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிப்பது இயல்பு. கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பதைவிடக் குழந்தையைப் பார்த்துக் கொடுப்பதே சரி. வாயைத் திறந்து தலையை இருபுறமும் திருப்பித் தேடுவதும் கையை வாய்க்குக் கொண்டுபோவதும் பசியின் தொடக்கக் குறிகள். அழுகை கடைசிக் குறி. அழுது களைத்த குழந்தை மார்பைச் சரியாகப் பற்றுவதும் கடினம்.

பற்றுதல்தான் பாதி வேலை. காம்பை மட்டும் கவ்வாமல், சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் வாய்க்குள் வாங்கி, கீழுதடு வெளிப்புறம் மடிந்து, மோவாய் மார்பில் பதியும்படி குழந்தை பற்ற வேண்டும். வலி தொடர்ந்தால், சுத்தமான விரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்து, மீண்டும் பற்றச் செய்யலாம். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை. பிடி தவறினால் தாய்க்குப் புண்ணும் குழந்தைக்குப் பால் குறைவும்தான் மிஞ்சும்.

உள்ளே போகும் தாய்ப்பாலை அளக்க முடியாது என்பதால், வெளியே வருவதை எண்ணுவதே நம்பகமான வழி. முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு முறை என்று மெல்லக் கூடி, ஐந்தாம் ஆறாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு 6 முறையாவது வெளிர் நிறச் சிறுநீர் கழிய வேண்டும். கருமையாக ஒட்டும் முதல் மலம் பச்சையாகி, ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை முதல் சில நாட்களில் குறையலாம். இரண்டு வாரத்துக்குள் அது மீண்டுவிட வேண்டும். அவ்வாறு மீளும் வரை, நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கும் குழந்தையை எழுப்பிப் பால் கொடுப்பதே நல்லது. ‘நல்ல பிள்ளை, அழுவதே இல்லை’ என்று பிறர் பாராட்டும் வேளையில், ஈரமான டயப்பர்களை எண்ணிப் பார்ப்பது தவறாகாது.

தாய்ப்பால் கொடுக்க இயலாதபோதோ போதாதபோதோ பால்மாவு தருவது குற்றமன்று. அதைச் சரியாகக் கலப்பதுதான் முக்கியம். பால்மாவு கிருமியற்ற பொருள் அன்று என்பதால், கொதிக்க வைத்த நீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் முன்பே மாவைக் கலந்து, பிறகு ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். சிக்கனத்துக்காகத் தண்ணீரைக் கூட்டுவதும், எடை ஏற வேண்டும் என்று மாவைக் கூட்டுவதும் ஒன்றுபோலவே தீங்கானவை. குடித்து மீந்த பாலை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது. மைக்ரோவேவில் சூடாக்கினால் பால் சீராகச் சூடேறாமல் நடுவே கொதிநிலையில் இருந்து வாயைச் சுட்டுவிடும்.

முதல் 6 மாதங்களில், வெயில் காலமானாலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தண்ணீர் சிறிய வயிற்றை நிரப்பிப் பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை கொண்டுபோகும். தேனை ஒரு வயது முடியும் வரை நாக்கில் தடவவும் கூடாது. பெரியவர்களுக்குத் தீங்கு செய்யாத போட்டுலிசம் நுண்ணுயிரியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடும்.

தூக்கம்

பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் வரை துண்டு துண்டாகத் தூங்குகிறது. இரவில் பசித்து விழிப்பது கெட்ட பழக்கம் அன்று. இரண்டு மூன்று மணிக்கொருமுறை நிரப்ப வேண்டிய வயிற்றின் இயல்பு. எவ்வளவு நேரம் தூங்குகிறது என்பதைவிட எப்படித் தூங்குகிறது என்பதற்கே பெற்றோர் கவலைப்பட வேண்டும்.

ஒரு வயது வரை, பகல் தூக்கம் உட்பட எல்லாத் தூக்கத்துக்கும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் புரையேறிவிடும் என்னும் அச்சம் பரவலாக உள்ளது. ஆனால் அந்த நிலையில் மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேற்புறம் அமைவதால், கக்கியது அதற்குள் ஏறுவது கடினம். பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் மல்லாக்கப் படுக்க வைக்கும்படி பரப்புரை தொடங்கிய பின்னர், காரணம் தெரியாத திடீர்க் குழந்தை இறப்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. குழந்தை மருத்துவத்தில் இவ்வளவு எளிய மாற்றம் இவ்வளவு உயிர்களைக் காத்த நிகழ்வுகள் அரிது.

படுக்கை சமதளமாகவும், அழுத்தினால் குழியாத உறுதியுடனும் இருக்க வேண்டும். அதில் இறுக்கமாக விரித்த ஒரு விரிப்பையும் குழந்தையையும் தவிர வேறெதுவும் வேண்டாம். தலையணை, தளர்வான போர்வை, மெத்தென்ற பொம்மை, பக்கவாட்டு மெத்தை ஆகிய அனைத்தும் முகத்தை மூடக்கூடியவை. அழகாக அலங்கரித்து விற்கப்படும் தொட்டில்கள் பலவும் இந்த ஒரு சோதனையில் தோற்றுவிடும். முதல் 6 மாதங்களாவது பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வைப்பது பாதுகாப்பானது. எல்லாவற்றிலும் ஆபத்தானது, களைத்துப்போன பெரியவர் சோஃபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையை அணைத்தபடி தூங்கிப்போவது. அறையில் எவரும் புகைக்கக் கூடாது. கை கால் குளிர்ந்திருப்பது இயல்பு என்பதால் அதைக் கண்டு மேலும் மேலும் சுற்ற வேண்டாம். மார்பையோ பிடரியையோ தொட்டுப் பார்த்தால் உண்மையான சூடு தெரியும். துணியால் சுற்றித் தூங்க வைப்பவர்கள், குழந்தை புரள முயலத் தொடங்கியதுமே அதை நிறுத்திவிட வேண்டும்.

விழித்திருக்கும்போது, பெரியவர் அருகிருக்க, நாள்தோறும் சிறிது நேரம் குப்புற விடுவது கழுத்துக்கும் தோளுக்கும் வலுவூட்டும். தலையின் பின்புறம் தட்டையாவதையும் குறைக்கும்.

எந்த நோய்க்குறிக்குக் காத்திருக்கக் கூடாது

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை (100.4 ஃபாரன்ஹீட்) எட்டினால், இரவு எந்நேரமானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த வயதில் காய்ச்சல் ஒன்றே கடும் தொற்றின் அடையாளமாக இருக்கலாம். மருத்துவர் சொல்லாமல் பாராசிட்டமால் கொடுத்தால் அந்த அடையாளம் மறைந்துவிடும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது அளவை ஆகாது. வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். கதகதப்பாகப் போர்த்திய பின்னும் உடல் குளிர்ந்தே இருப்பதும் காய்ச்சலுக்கு நிகரான எச்சரிக்கை. ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்குத் தாமாகக் கொடுக்கவே கூடாது.

பாலை மறுப்பது அல்லது உறிஞ்ச வலுவின்றிச் சோர்ந்து கிடப்பது, எழுப்பினாலும் எழாதது, அமைதியாக இருக்கும்போதே மூச்சு நிமிடத்துக்கு 60-க்கு மேல் ஓடுவது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழ்ப்பகுதி உள்ளிழுக்கப்படுவது, உதடு நீலம் பாய்வது, வலிப்பு, பச்சை நிற வாந்தி, அழாதபோதும் உச்சிக்குழி புடைத்திருப்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்கக் கூடாது. மூச்சை எண்ணும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பச்சிளங் குழந்தை சில நொடிகள் நிறுத்தி மூச்சு விடுவது இயல்பு என்பதால், பாதி நிமிட எண்ணிக்கை ஏமாற்றிவிடும்.

மஞ்சள் காமாலை பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வந்து தானே மறைகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தோன்றினாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலும், மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறமானாலும் உடனே காட்ட வேண்டும். வெயிலில் காட்டுவது மருத்துவமனையின் ஒளிச் சிகிச்சைக்கு மாற்றாகாது. தொப்புள்கொடியைப் பொறுத்தவரை எதையும் தடவாமல், டயப்பரை அதற்குக் கீழே மடித்து உலர விட்டாலே போதும். பெரும்பாலும் மூன்று வாரங்களுக்குள் விழுந்துவிடும். தடுப்பூசி அட்டவணையைத் தள்ளிப்போட வேண்டாம்; இலேசான சளி அதற்குத் தடையன்று.

காரணமில்லாத அழுகை இரண்டாம் மாதத்தில் உச்சமடைந்து நான்காம் மாதத்துக்குள் தணிகிறது. பசி, ஈரம், வெப்பம் எல்லாம் பார்த்தும் அழுகை ஓயாமல் பொறுமை எல்லை மீறினால், குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சில நிமிடங்கள் அறையை விட்டு வெளியே செல்லலாம். அழுவதால் குழந்தைக்குத் தீங்கில்லை. ஆத்திரத்தில் குலுக்குவதால் மூளையில் இரத்தம் கசிந்து உயிரே போகலாம்.

திட உணவும் வீட்டு ஆபத்துகளும்

ஏறத்தாழ 6 மாதத்தில், தலை நிமிர்ந்து, சாய்மானத்துடன் உட்கார்ந்து, வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாத நிலை வந்தபின் இணை உணவைத் தொடங்கலாம். கருவில் சேமித்த இரும்புச்சத்து அப்போது குறையத் தொடங்குவதால், முதல் உணவுகளில் இரும்பு இருப்பது அவசியம். உப்பும் சர்க்கரையும் சேர்க்கத் தேவையில்லை. முழு கொட்டைப் பருப்புகள், நறுக்காத திராட்சை போன்ற உருண்டையும் கடினமுமான பொருள்களே மூச்சை அடைப்பவை.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டை அடைத்து, இருமவோ அழவோ முடியாமல் போனால், முன்கையில் குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்தித் தாங்கி, தோள்பட்டைகளுக்கிடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். வெளிவராவிடில் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியால் 5 முறை அழுத்தி, மாறி மாறித் தொடர வேண்டும். வயிற்றை அழுத்துவதும், கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவுவதும் கூடாது. நினைவிழந்தால் அவசர ஊர்தியை அழைத்து இதய மீட்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். இதைப் படித்து அறிவதைவிடப் பயிற்சி வகுப்பில் பொம்மையின் மேல் செய்து பழகுவதே பயன் தரும்.

புரளத் தெரியாத குழந்தையும் ஒருநாள் முதன்முறையாகப் புரளும் என்பதால், கட்டிலில் தனியே விட்டுவிட்டு நகரக் கூடாது. சில சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரே மூழ்கப் போதும் என்பதால், குளிக்கும்போது கதவு மணி அடித்தால் குழந்தையையும் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். தவழும் பருவம் வருமுன் ஒருமுறை தரையில் அமர்ந்து குழந்தையின் கண்மட்டத்திலிருந்து வீட்டைப் பார்த்தால், தொங்கும் மின்கம்பிகளும் திறந்த மருந்துப் பெட்டியும் தாமே தெரியும். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்னும் ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்; உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி 2 மணி நேரத்துக்குள் கடும் புண்ணை உண்டாக்கக்கூடியது, குழந்தையோ அதுவரை சிரித்து விளையாடிக்கொண்டிருக்கவும் கூடும்.