மேசை போனைச் சுவரில் மாட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஒரு கிடங்கின் வாசல் பக்கம் இருந்த ஐபி போனை, அதாவது நெட்வொர்க் கேபிளில் ஓடும் போனை, சுவரில் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையிலேயே புகார். அந்த எக்ஸ்டென்ஷனுக்கு யார் அடித்தாலும் பிசி என்றே வருகிறதாம். போய்ப் பார்த்தால் போனில் ஒரு குறையும் இல்லை. ரிசீவர்தான் தன் இடத்தில் இல்லாமல், சுருள் வயரின் நுனியில் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஷட்டரை யாரோ படாரென்று இறக்கியிருக்கிறார்கள். அந்த அதிர்வில் வழுக்கி விழுந்திருக்கிறது. ஷட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, தவறு என்னுடையது.

மேசை போன் படுத்துக்கிடக்கச் செய்த பொருள். ரிசீவர் தன் எடையாலேயே பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும், அதைப் பிடித்துவைக்க எதுவும் தேவையில்லை. அதே போனைச் சுவரில் நிமிர்த்தினால், ரிசீவரை எதன் மீதாவது தொங்கவிட வேண்டும். அதற்காகவே ரிசீவரின் காதுப் பக்கம் உட்காரும் பள்ளத்தில் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாக்கு வைத்திருப்பார்கள். சிஸ்கோ, கிராண்ட்ஸ்ட்ரீம் போன்ற நிறுவனங்களின் பல மாடல்களில் இது உண்டு. பானசோனிக்கின் சாதாரண லேண்ட்லைன் போன்களில்கூடப் பார்த்திருப்பீர்கள். பெட்டியிலிருந்து வரும்போது அது மேசைக்கு ஏற்றபடி இருக்கும். சுவரில் மாட்டுவதற்கு முன் அதை வெளியே இழுத்து, 180 டிகிரி திருப்பி, மறுபடி செருக வேண்டும். அப்போது ஒரு சின்ன முனை மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ரிசீவரில் இருக்கும் பள்ளம் அந்த முனையில் மாட்டிக்கொள்ளும். பத்து வினாடி வேலை. அதைத்தான் நான் மறந்திருந்தேன்.

திருப்பிவிட்டோம் என்று அத்தோடு விடவும் கூடாது. ரிசீவரை மாட்டிவிட்டு, பக்கத்துச் சுவரில் கையால் இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள். பிறகு கைபேசியிலிருந்து அந்த எண்ணுக்கு அடித்துப் பாருங்கள். நாக்கு சரியாக அமுங்கி உட்காரவில்லை என்றால் ரிசீவர் தொங்குவது போலத் தெரியும், ஆனால் ரிசீவர் வைக்கப்பட்டதைப் போனுக்குச் சொல்லும் ஹூக் பொத்தான் அழுந்தியிருக்காது. அப்போதும் பிசிதான்.

அடுத்த தவறு, எல்லா மேசை போனையும் சுவரில் மாட்டலாம் என்று நினைப்பது. சிலவற்றில் பின்பக்கமே சாவித்துவாரம் போன்ற ஓட்டைகள் இருக்கும். சிலவற்றில் ஸ்டாண்டைக் கழற்றித் திருப்பிப் போட்டால் அதுவே சுவர்த் தாங்கி ஆகிவிடும். யீலிங்க்கின் பல மாடல்களுக்குத் தாங்கியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இதைப் பார்க்காமல் இருபது போனுக்கு ஆர்டர் போட்டுவிட்டு, கடைசியில் கேபிள் டை, டபுள் சைடு டேப் என்று இறங்குபவர்கள் உண்டு. ஒவ்வொரு தடவை ரிசீவரை எடுக்கும்போதும் போன் கொஞ்சம் இழுபடும், பொத்தானை அமுக்கும்போது கொஞ்சம் தள்ளுபடும். டேப் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

ஓட்டை போட வேண்டிய இடங்களைக் குறித்த அச்சுத்தாளை இணையத்திலிருந்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: பிரிண்டர் தாளுக்குப் பொருந்துமாறு படத்தைத் தானாகவே சுருக்கிவிடும். நூற்றுக்கு நூறு அளவில் அச்சடித்தீர்களா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் போன் உட்காராது. எனக்குப் பிடித்த வழி வேறு. போனின் பின்பக்கம் ஓட்டைகளை மூடும்படி ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓட்டைகளின் குறுகிய முனையில் பேனாவால் புள்ளி வைத்து, அந்த டேப்பை உரித்து அப்படியே சுவரில் ஒட்டிவிடுவேன். மட்டம் பார்த்துவிட்டு அந்தப் புள்ளியிலேயே துளைக்கலாம். ஸ்க்ரூவை முழுதாக முடுக்கிவிடாதீர்கள். போன் உள்ளே நுழைந்து கீழே இறங்க, தலைக்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி வேண்டும். எவ்வளவு என்பது அந்தந்தப் போனின் கையேட்டில் இருக்கும்.

சுவரைத் தட்டிப் பார்க்காமல் டிரில்லைத் தூக்குவது இன்னொரு வழக்கம். செங்கல் சுவர் என்றால் 6 மில்லிமீட்டர் பிட், அதே அளவு ராவல் பிளக், வேலை முடிந்தது. பிளக் பூச்சோடு நின்றுவிடாமல் செங்கலுக்குள் இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இப்போதைய அலுவலகங்களில் பாதிச் சுவர் ஜிப்சம் போர்டு. 12.5 மில்லிமீட்டர் பலகை, அதற்குப் பின்னால் வெறும் காற்று. சாதாரண பிளக்கை அதில் போட்டால் ஸ்க்ரூவோடு சேர்ந்து அதுவும் சுற்றும். ஒரு மாதத்தில் ஓட்டை பெரிதாகிவிடும். உள்ளே போய் இறக்கை விரிக்கும் வகை ஆங்கர் வாங்குங்கள், இல்லாவிட்டால் பலகைக்குப் பின்னால் ஓடும் இரும்புச் சட்டத்தைக் காந்தம் வைத்துத் தேடி அதில் முடுக்குங்கள். எந்தச் சுவரானாலும், மின் சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ துளைக்க வேண்டாம். சுவருக்குள் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

சரி, கேபிளுக்கு வருவோம். மேசையில் இருந்தபோது கண்ணில் படாத கேபிள், சுவரில் வந்ததும் அசிங்கமாகத் தொங்கும். அதை மறைக்க நினைத்து போனுக்குப் பின்னால் மடித்துத் திணிப்பார்கள். நெட்வொர்க் கேபிளை அதன் தடிமனைப் போல நான்கு மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் வளைக்கக்கூடாது என்பது பொது விதி. சாதாரண கேபிளுக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் அந்த இடம் இல்லையென்றால், தலையில் ரப்பர் உறை இல்லாத குட்டையான பேட்ச் கார்டு வாங்குங்கள்.

பவர் அடாப்டரைச் சுவரில் தொங்கவிடுவது அதைவிட மோசம். முடிந்தவரை பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும், அவற்றின் வழியே மின்சாரமும் அனுப்பும் பெட்டி) வழியாக, நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் கொடுங்கள். 2003இல் வந்த 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரப்படி சுவிட்சின் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும். 100 மீட்டர் கேபிளின் மறுமுனையிலும் 12.95 வாட் கிடைக்கும். அலுவலக போனுக்கு அது தாராளம். விலை குறைவு என்று அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளை மட்டும் போடாதீர்கள். மின்தடை அதிகம், சூடாகும், தூரம் கூடினால் போன் திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். அந்த பிஓஇ சுவிட்சுக்கு யுபிஎஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். கரன்ட் போன நேரத்தில் காவலாளிக்கு முதலில் தேவைப்படுவது இந்தப் போன்தான்.

இன்னொரு வில்லங்கம். ஐபி போனில் வழக்கமாக இரண்டு போர்ட் இருக்கும். ஒன்று நெட்வொர்க்குக்கு, இன்னொன்று பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு. சுவர்ப் பெட்டியிலும் இரண்டு ஜாக் இருந்தால், ‘காலியாக ஏன் கிடக்க வேண்டும்’ என்று நல்ல மனதோடு இரண்டையும் இரண்டில் செருகிவிடும் ஆள் ஒருவர் எங்கும் இருப்பார். நெட்வொர்க்கில் லூப் உண்டாகும், அதாவது தகவல் ஒரே வட்டத்தில் ஓயாமல் சுற்றும். சுவிட்சில் அதைத் தடுக்கும் அமைப்பு இல்லையென்றால் அந்தத் தளமே முடங்கும். கம்ப்யூட்டர் போர்ட்டை அமைப்பிலேயே அணைத்துவிடுவது நல்லது. அந்த ஓட்டையில் ஒரு துண்டு டேப்பும் ஒட்டிவிடுங்கள்.

உயரத்தைப் பலரும் தங்கள் கண்ணை வைத்து முடிவு செய்கிறார்கள். ஆறடி ஆள் மாட்டிய போனில், ஐந்தடிப் பெண் ஒவ்வொரு தடவையும் எக்கி நின்றுதான் எண் அழுத்த வேண்டியிருக்கும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு எட்டவே எட்டாது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதிகள் கை எட்ட வேண்டிய பொருட்களுக்கு 48 அங்குலத்தை மேல் எல்லையாக வைத்திருக்கின்றன. நானும் மேல்வரிசைப் பொத்தான் நான்கு அடிக்குள் இருக்கும்படிதான் மாட்டுகிறேன். அப்படி மாட்டினால் நின்று பேசுபவர் திரையை மேலிருந்து பார்ப்பார். கறுப்பு வெள்ளைத் திரையில் எழுத்து மங்கலாகத் தெரியும். அமைப்பில் போய் கான்ட்ராஸ்டைக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கதவைத் திறந்தால் போனில் இடிக்கிறதா, மேலே ஏசி இருந்தால் தண்ணீர் சொட்டுமா என்பதை ஓட்டை போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், போனைச் சுவரோடு சேர்க்கும் முன் அதன் முதுகை ஒரு படம் எடுத்து வையுங்கள். மேக் முகவரியும் (நெட்வொர்க்கில் அந்தப் போனை அடையாளம் காட்டும் எண்) சீரியல் எண்ணும் அந்த ஸ்டிக்கரில்தான் இருக்கும். வாரன்டிக்காகவோ சர்வரில் பதிவு செய்யவோ யாராவது கேட்பார்கள். கேட்கும் நேரத்தில் போன் சுவரில் இருக்கும், ஏணி எங்கே என்று யாருக்கும் தெரியாது.