8 எம்பி ரேம் இருந்தும் "மெமரி பத்தல"ன்னு அடம் பிடிக்கிற பழைய டாஸ் மெஷினை வழிக்குக் கொண்டு வர்றது எப்படி

மாமாவோட அச்சகத்துல மூலையில தூசி மூடிக் கிடந்த 486 டிஎக்ஸ்2-66 மெஷின் ஒண்ணு என் கைக்கு வந்துச்சு. 8 எம்பி ரேம், எம்எஸ்-டாஸ் 6.22 (விண்டோஸுக்கு முந்தின ஆப்பரேட்டிங் சிஸ்டம்), ஒரு சிடி டிரைவ், ஒரு சவுண்ட் கார்டு. பவர் சப்ளைய சரி பண்ணி ஆன் பண்ணா அழகா பூட் ஆவுது, ஆனா அவரோட பழைய பில்லிங் புரோகிராம ஓட்டுனா மட்டும் மெமரி பத்தலன்னு சொல்லிட்டு வெளிய வந்துடுது. மாமா "ரேம் போயிருக்கும்டா, ரிச்சி ஸ்ட்ரீட்ல பழசு கிடைக்கும், வாங்கிப் போடு"ன்னார். அந்தத் தப்ப நீங்க பண்ணாதீங்க. 8 எம்பிய 32 ஆக்குனாலும் அதே மெசேஜ்தான் வரும்.

ஏன்னா, 1981ல வந்த ஐபிஎம் பிசில இருந்தது 8088 சிப், அதுக்கு அட்ரஸ் லைன் 20தான், அதனால மொத்தமே 1 எம்பி. அதுல கீழ 640 கேபி புரோகிராமுக்கு, மேல 384 கேபி வீடியோ கார்டுக்கும் பயாஸுக்கும் மத்த கார்டுகளுக்கும்னு பிரிச்சு வச்சுட்டாங்க. 386, 486 எல்லாம் வந்து மெமரி எவ்வளவோ ஏறின பிறகும் டாஸ் புரோகிராம் அந்த 640க்குள்ளதான் வாழ்ந்துச்சு. ஊருக்கு வெளிய 7 ஏக்கர் இருந்து என்ன, வீட்டுத் திண்ணையில உக்கார இடம் இல்லன்னா நின்னுட்டேதான இருக்கணும். நாம பண்ணப் போறது அந்தத் திண்ணைய காலி பண்ற வேலைதான்.

கட்டளை எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், மெஷின்ல அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிங்க, சிரிக்காதீங்க.

மொதல்ல ஒரு பூட் ஃப்ளாப்பி. ஃபார்மேட் ஏ: /எஸ் அடிச்சு ஃப்ளாப்பி பண்ணி, சி டிரைவ்ல இருக்க, பூட் ஆகும்போது டாஸ் படிக்கிற கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் ரெண்டு செட்டிங் ஃபைலையும் அதுல காப்பி பண்ணி வைங்க. இதப் பண்ணாம ஆரம்பிச்சா ராத்திரி ரெண்டு மணிக்கு என்னைய திட்டுவீங்க. இன்னொண்ணு, டாஸ் 6ல இருந்து "ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்"ன்னு வர்ற நேரத்துல எஃப்5 அமுக்குனா ரெண்டு ஃபைலையும் தாண்டிட்டு வெறும் டாஸா பூட் ஆவும், எஃப்8 அமுக்குனா கான்ஃபிக்.சிஸ்ல ஒவ்வொரு வரிக்கும் இதை ஓட்டவா வேணாமான்னு கேக்கும். இந்த எஃப்8தான் இந்த வேலையில உங்க வலது கை.

அடுத்து, இடத்த யார் புடிச்சு வச்சிருக்கான்னு பாக்கணும். மெம் /சி /பி அடிங்க. ஒவ்வொரு டிரைவரும் கீழ எவ்வளவு, மேல எவ்வளவுன்னு பட்டியல் வரும், அடியில "லார்ஜஸ்ட் எக்ஸிக்யூட்டபிள் புரோகிராம் சைஸ்"னு ஒரு நம்பர் இருக்கும். மத்ததெல்லாம் விடுங்க, அந்த ஒரு நம்பர பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க. எனக்கு மொதல் நாள் 471 கேபி காட்டுச்சு. 640ல 471, கிட்டத்தட்ட 170 கேபிய சிடி டிரைவரும் மவுஸும் டிஸ்க் கேஷும் டாஸும் சேந்து தின்னுருக்கு.

இப்ப கான்ஃபிக்.சிஸ்ஸ எடிட்ல தொறந்து மேல இந்த மூணு வரிய இதே வரிசையில போடுங்க:

டிவைஸ்=சி:\டாஸ்\ஹைமெம்.சிஸ்
டிவைஸ்=சி:\டாஸ்\இஎம்எம்386.எக்ஸ்இ நோஇஎம்எஸ்
டாஸ்=ஹை,யுஎம்பி

வரிசை முக்கியம், ஹைமெம் இல்லாம இஎம்எம்386 ஏறாது. ஹைமெம் என்ன பண்ணுதுன்னா 1 எம்பிக்கு மேல இருக்க மெமரிக்கு காவல்காரன் மாதிரி, யாருக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் கொடுக்கும். கூடவே ஏ20ன்னு ஒரு அட்ரஸ் லைன் இருக்கு, அதத் தொறந்து விட்டா 1 எம்பிக்கு மேல மொத 64 கேபி (கணக்கா சொன்னா 16 பைட் கம்மி) சாதா டாஸுக்கே எட்டிடும். டாஸ்=ஹைன்னு சொன்னா டாஸோட பெரும்பகுதி அங்க போய் உக்காந்துக்கும், பஃபர்ஸும் கூடவே போயிடும். இது மட்டுமே எனக்கு 45 கேபிக்கு மேல மிச்சம் பண்ணுச்சு. இஎம்எம்386 வேலை வேற, அந்த 384 கேபி ஏரியாவுல யாரும் குடி இல்லாத ரூம்கள தேடிப் பிடிச்சு அங்க ரேம காட்டிக் கொடுக்கும். அதத்தான் அப்பர் மெமரி பிளாக், சுருக்கமா யுஎம்பின்னு சொல்றது. நோஇஎம்எஸ்னு போட்டா எக்ஸ்பாண்டட் மெமரிக்காக (640க்கு வெளிய இருக்க மெமரிய ஒரு ஜன்னல் வழியா துண்டு துண்டா பாக்குற பழைய முறை) ஒதுக்குற 64 கேபி ஜன்னலையும் சேத்து யுஎம்பிக்கே கொடுத்துடும். எக்ஸ்பாண்டட் மெமரியே வேணும்னு கேக்குற புரோகிராம் இருந்தா நோஇஎம்எஸ்க்கு பதிலா ரேம்னு போடணும், அப்ப அந்த 64 கேபி போச்சு.

அப்புறம் டிரைவர்கள மேல ஏத்தணும். கான்ஃபிக்.சிஸ்ல டிவைஸ்= ன்னு இருக்கத டிவைஸ்ஹை= ன்னு மாத்துங்க (ஹைமெம், இஎம்எம்386 ரெண்டையும் தொடாதீங்க), ஆட்டோஎக்ஸெக்ல இருக்க மவுஸ், டாஸ்கீ (முன்னாடி அடிச்ச கட்டளைய திரும்பக் கொண்டு வர்றது), எம்எஸ்சிடிஎக்ஸ் (சிடி டிரைவுக்கு எழுத்து கொடுக்குறது) வரிகளுக்கு முன்னாடி எல்ஹெச் போடுங்க. ரீபூட், மெம் /சி /பி, நம்பர எழுதுங்க. ஒரு தடவைக்கு ஒரே ஒரு வரி. அஞ்சு வரிய ஒரேயடியா மாத்திட்டு மெஷின் தொங்குனா எந்த வரியால தொங்குச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க, நான் மொதல் நாள் அப்படித்தான் மூணு மணி நேரம் வீணாக்குனேன்.

இங்க ஒரு விஷயத்துல நெறைய பேர் மாட்டுவாங்க. எல்ஹெச் போட்டும் டிரைவர் கீழயே இருக்கும், எர்ரரும் வராது, சத்தமில்லாம கீழ ஏறிடும். காரணம், டிரைவர் உக்காந்த பிறகு 10 கேபிதான் பிடிக்கும்னாலும் ஏறும்போது 30 கேபி வரைக்கும் கேக்கலாம், அந்த நேரத்துல அவ்வளவு பெரிய ஒத்தத் துண்டு மேல காலியா இருக்கணும். அதனால பெருசு மொதல்ல, சிறுசு கடைசி. பஸ்ல மூட்டை ஏத்துற மாதிரி, பெரிய மூட்டை போன பிறகு சந்துல பைய சொருவலாம், தலைகீழா பண்ணா பெருசு வெளிய நிக்கும். டிஸ்க் கேஷ் வேலை பாக்குற ஸ்மார்ட்டிரைவுக்கு மட்டும் எல்ஹெச் தேவையில்ல, இடம் இருந்தா அதுவா மேல போயிடும். ஆனா சிடியையும் கேஷ் பண்ணணும்னா எம்எஸ்சிடிஎக்ஸ்க்கு அப்புறம்தான் அத ஓட்டணும்.

மேல ஏத்துறதவிட ஆளையே மாத்துறது இன்னும் நல்லது. என் மெஷின்ல இருந்த ஓக் சிடிராம் டிரைவர் 30 கேபிக்கு மேல தின்னுச்சு, அத தூக்கிட்டு விஐடிஇ-சிடிடி டிரைவர் போட்டேன், 5 கேபியில அதே வேலை பாக்குது. பழைய மவுஸ்.காம் 17 கேபி, க்யூட்மவுஸ்னு இலவசமா ஒண்ணு இருக்கு, 3 கேபி சொச்சம்தான். டிஸ்க்க டிரைவ்ஸ்பேஸ் போட்டு சுருக்கி வச்சிருந்தாங்கன்னா அது தனியா நாப்பது கேபிக்கு மேல கேக்கும், டிஆர்விஸ்பேஸ்.சிஸ் /மூவ்ங்கிறத டிவைஸ்ஹையில போட்டா மேல நகரும், ஆனா 486ல இன்னும் சுருக்கிய டிஸ்க்க வச்சிருக்கது எதுக்குன்னே எனக்குப் புரியல, ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா ஒரு சிஎஃப் மெமரி கார்டு போட்டுட்டுப் போங்க. சில்லறை மிச்சம் வேணும்னா ஸ்டாக்ஸ்=0,0, லாஸ்ட்டிரைவ தேவையான எழுத்தோட நிறுத்துறது, ஃபைல்ஸ்=30. எல்லாம் சேந்து மூணு நாலு கேபிதான் வரும். விண்டோஸ் 3.1 ஓட்டுறவங்க மட்டும் ஸ்டாக்ஸ்=9,256ன்னே விட்ருங்க.

இன்னும் இடம் வேணுமா, இஎம்எம்386 வரி கடைசியில ஐ=பி000-பி7எஃப்எஃப் சேருங்க (இந்த மாதிரி எழுத்தும் நம்பரும் கலந்தது எல்லாம் மெமரி அட்ரஸ்). அது பழைய மோனோக்ரோம் கார்டுக்குன்னு ஒதுக்குன 32 கேபி, விஜிஏ மெஷின்ல பெரும்பாலும் சும்மா கிடக்கும். ஆனா அது தனித் தீவு, நடுவுல கலர் டெக்ஸ்ட்டும் வீடியோ பயாஸும் இருக்கதால சி800ல ஆரம்பிக்கிற பெரிய துண்டோட ஒட்டாது. சில எஸ்விஜிஏ கார்டு இந்த இடத்த தானே பயன்படுத்தும், திரையில குப்பையா கோடு வந்தா உடனே எடுத்துடுங்க. இதப் போட்ட பிறகு விண்டோஸ் 3.1 ஏறலன்னா சிஸ்டம்.ஐஎன்ஐல 386என்ஹ் பகுதியில மோனோயுஎம்பி.386ஐ டிவைஸா சேக்கணும். ஐ=இ000-இஎஃப்எஃப்எஃப்னு இன்னொரு 64 கேபியும் பல பேர் சொல்வாங்க. கார்டு சொருவ பழைய ஐஎஸ்ஏ ஸ்லாட் மட்டும் இருக்க போர்டுல ஓகே, புதுசா வந்த பிசிஐ ஸ்லாட் இருக்க போர்டுல பயாஸ் அங்க வரைக்கும் நீண்டிருக்கும், போட்டா தொங்கும்.

என் நம்பர் 471ல இருந்து 615க்கு வந்துச்சு. பில்லிங் புரோகிராம் தொறந்துச்சு, மாமா கண்ணாடிய மாட்டிட்டு வந்து பாத்தார், கடைசி பில்லு கல்யாணப் பத்திரிகை 500, பாக்கி 350 ரூபா. "இவன் இன்னும் தரல"ன்னார்.

இதெல்லாத்தையும் மெம்மேக்கர் தானே பண்ணாதான்னு கேப்பீங்க. பண்ணும், டாஸ் 6ல கூடவே வருது. ஆனா ஆள மாத்தத் தெரியாது, இருக்கவன மட்டும்தான் இடம் மாத்தும். பூட் மெனு வச்ச கான்ஃபிக்.சிஸ்ஸ அதுகிட்ட கொடுத்தா சரியா கையாளாது. ஓட்டித்தான் பாப்பேன்னா ஓட்டுங்க, கெட்டுப்போனா மெம்மேக்கர் /அண்டூ அடிச்சா பழைய ஃபைல் திரும்ப வரும். வாங்குன மெஷின்ல க்வார்ட்டர்டெக் கம்பெனியோட க்யூஇஎம்எம் இருந்தா, அதுவே ஹைமெம், இஎம்எம்386 ரெண்டு வேலையும் பாக்கும், ரெண்டு செட்டையும் சேத்துப் போடாதீங்க, சண்டை வரும். சாமர்த்தியமான சாமான்தான், பயாஸ் ரோமையே ஒளிச்சு வச்சு இடம் எடுக்கும், ஆனா பழுது பாக்கும்போது எவன் எங்க ஒளிஞ்சிருக்கான்னு தெரியாம தலை சுத்தும்.

சரி, இப்ப தகராறுகள்.

இஎம்எம்386 எர்ரர் 13ன்னு வந்து ரீபூட் பண்ணவான்னு கேட்டா, பெரும்பாலும் யாரோ குடியிருக்க ரூம காலின்னு நினைச்சு இஎம்எம்386 பூட்ட உடைச்சு உள்ள போயிருக்குன்னு அர்த்தம். நெட்வொர்க் கார்டு, ஸ்கஸி கார்டு இருக்க மெஷின்ல இது சகஜம், பூட் ஆகும்போது அந்த கார்டு சும்மா இருக்கும், அப்புறமாதான் தன் மெமரிய தொடும், அதனாலதான் ஒரு மணி நேரம் ஓடிட்டு திடீர்னு சாவுது. சோதனைக்கு எக்ஸ்=சி800-இஎஃப்எஃப்எஃப் போட்டு மொத்த ஏரியாவையும் விலக்குங்க. தகராறு நின்னுச்சுன்னா பாதியா வெட்டுங்க, சி800ல இருந்து டிபிஎஃப்எஃப் வரைக்கும் மட்டும் விலக்கிப் பாருங்க, அப்புறம் மத்த பாதி, அப்படியே சுருக்கிட்டே போனா நாலஞ்சு ரீபூட்ல எந்த 16 கேபின்னு மாட்டிடும். கார்டோட ஜம்பர் பக்கத்துல டி000ன்னோ சி800ன்னோ அச்சடிச்சிருந்தா இந்த வேலையே மிச்சம். ஹைஸ்கேன்னு ஒரு வார்த்தை இஎம்எம்386 வரியில இருந்தா அதையும் தூக்குங்க, மெம்மேக்கர் போட்டுட்டுப் போயிருக்கும். எதை விலக்குனாலும் ஒரே ஒரு புரோகிராம்ல மட்டும் 13 வந்தா தப்பு அந்தப் புரோகிராமோடது.

"பேக்டு ஃபைல் ஈஸ் கரப்ட்"னு வந்தா பயப்படாதீங்க, ஃபைல் கெட்டுப் போகல. நாம இவ்வளவு இடம் காலி பண்ணதால புரோகிராம் மொத 64 கேபிக்குள்ளயே ஏறிடுது, பழைய காலத்து சுருக்கு முறைக்கு அது ஒத்துக்கல. புரோகிராம் பேருக்கு முன்னாடி லோடுஃபிக்ஸ்னு அடிச்சு ஓட்டுங்க. அதிகமா இடம் இருக்கதாலயே வர்ற ஒரே எர்ரர் எனக்குத் தெரிஞ்சு இதுதான், மொத தடவை பாத்தப்ப சிரிப்பு வந்துடுச்சு.

"அனேபிள் டு கன்ட்ரோல் ஏ20 லைன்"னா பயாஸ் செட்டப்ல கேட் ஏ20ங்கிறத ஃபாஸ்ட்டுக்கும் நார்மலுக்கும் மாத்திப் பாருங்க, கேக்கலன்னா ஹைமெம் வரியில /மெஷின்:1, 2ன்னு ஒவ்வொண்ணா போட்டு முயற்சி பண்ணுங்க. "அன்ரிலையபிள் எக்ஸ்எம்எஸ் மெமரி"ன்னா (எக்ஸ்எம்எஸ்னா 1 எம்பிக்கு மேல ஹைமெம் பாத்துக்கிற மெமரி) மட்டும்தான் மாமா சொன்ன மாதிரி ரேம் மேல சந்தேகம், அதுவும் வாங்குறதுக்கு முன்னாடி சிம்ம (ரேம் சிப் இருக்க சின்னப் பலகை) கழட்டி கான்டாக்ட்ட ஸ்கூல் ரப்பரால தேச்சு மறுபடி சொருவுங்க, பாதி நேரம் அதுலயே சரியாயிடும். பிளாஸ்டிக் கிளிப்ப மெதுவா தள்ளுங்க, இத்தனை வருஷத்துல அது மொறுமொறுன்னு ஆயிருக்கும். ரேம் கம்மியா காட்டுனா, 16 எம்பி போட்டு 15தான் தெரியுதுன்னா, பயாஸ்ல 15-16 மெமரி ஹோல்னு ஒண்ணு இருக்கும், ஆஃப் பண்ணுங்க. 64 எம்பிக்கு மேல போட்டவங்களுக்கு டாஸ் 6.22ஓட ஹைமெம் 64 வரைக்கும்தான் பாக்கும், ஃப்ரீடாஸோட ஹைமெம்எக்ஸ் போட்டா மேலயும் தெரியும்.

கேம் ஆடுறவங்களுக்கு ஒரே செட்டிங் ஒத்து வராது. 1993ல வந்த டூம் மாதிரி, 1 எம்பிக்கு மேல இருக்க மெமரிய நேரா எடுக்க உதவுற டாஸ்/4ஜிடபிள்யூவ வச்சு ஓடுற கேம்களுக்கு 640 பத்திப் பெருசா கவலையே இல்ல, நேரா மேல போயிடும். 1992ல வந்த அல்டிமா 7 தனக்குன்னு வூடூன்னு ஒரு மெமரி மேனேஜர் வச்சிருக்கு, இஎம்எம்386 இருந்தா ஓடவே மாட்டேங்கும். இதுக்குத்தான் டாஸ் 6ல மெனு. கான்ஃபிக்.சிஸ்ல [மெனு]ன்னு போட்டு மெனுஐட்டம்=வேலை, மெனுஐட்டம்=கேம், மெனுஐட்டம்=வெறும்னு மூணு வச்சு, அதே பேர்ல கீழ மூணு பகுதி எழுதுங்க, இஎம்எம்386 வரி மட்டும் ஒவ்வொண்ணுலயும் வேற, மூணாவதுல அறவே கிடையாது. ஆட்டோஎக்ஸெக்ல கோட்டூ %கான்ஃபிக்%னு போட்டா தேர்ந்தெடுத்த பேருக்கே தாவும்.

286 வச்சிருக்கவங்க மேல சொன்னதுல பாதிய மறந்துடுங்க, இஎம்எம்386க்கு பேருலயே இருக்க மாதிரி 386 வேணும். உங்களுக்கு ஹைமெம்மும் டாஸ்=ஹையும் சின்ன டிரைவர்களும்தான், அதுலயே 580 கேபி பக்கம் வந்தா போதும்னு விட்ருங்க.