வாராந்திர ஆல்பம் பட்டியலின் புது வரவுகள்: கேட்பதும் விமர்சனம் எழுதுவதும்

விற்பனையையும் ஸ்ட்ரீமிங்கையும் வைத்து ஆல்பங்களை வாராவாரம் வரிசைப்படுத்தும் பட்டியலைத் திறந்ததும் முதலிடத்தில் யார் என்று பார்க்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, எத்தனையாவது வாரம் என்று காட்டும் பத்திக்குப் போங்கள். அதில் 1 என்று இருப்பவைதான் புது வரவுகள். பழைய ஆல்பங்கள் வினைல் (இசைத்தட்டு) மறுபதிப்பாலோ ஆண்டு நிறைவுப் பதிப்பாலோ திடீரென்று திரும்ப நுழையும். அவற்றுக்கு மறுவரவு என்று தனிக் குறி இருக்கும். அவற்றையும் பழைய பாடல்களின் தொகுப்புகளையும் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவதில் மூன்றை எடுங்கள்: முதல் பத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, வால்பகுதியிலிருந்து ஒன்று. முதல் பத்தைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். வாசகர் அறியாத ஒன்றைக் கொண்டுவந்து தருவது பெரும்பாலும் அந்த மூன்றாவதுதான். வாரத்துக்கு மூன்றுக்கு மேல் எடுத்தால் எதையும் ஒழுங்காகக் கேட்க முடியாது.

எண்ணை எப்படிப் படிப்பது

2015 ஜூலையிலிருந்து பெரும்பாலான நாடுகளில் ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வெளியாகின்றன. அமெரிக்காவின் பில்போர்டு 200, பிரிட்டனின் அதிகாரபூர்வ ஆல்பம் பட்டியல் இரண்டுமே வெள்ளி முதல் வியாழன் வரை கணக்கெடுக்கின்றன. ஆனால் பில்போர்டு தன் பட்டியலுக்கு இனி வரப்போகும் ஒரு தேதியைப் போடும்: வெள்ளியன்று வந்த ஆல்பத்தின் முதல் வாரக் கணக்கு, பதினைந்து நாள் கழித்து வரும் சனிக்கிழமையின் தேதியில் இருக்கும். இது தெரியாமல் 'இந்த வாரம் நுழைந்தது' என்று எழுதினால் இரண்டு நாட்டுப் பட்டியல்களும் குழம்பிப்போகும். எப்போதும் பட்டியலின் தேதியைச் சேர்த்து எழுதுங்கள்.

பட்டியல் எண்ணும் ஒரு 'அலகு' என்பது விற்ற ஒரு ஆல்பம் மட்டுமல்ல. 2014 டிசம்பரில் பில்போர்டு 10 பாடல் விற்பனையை ஒரு ஆல்பமாகவும், 1500 ஸ்ட்ரீம்களை (இணையத்தில் ஒரு பாடல் ஒருமுறை ஓடுவது ஒரு ஸ்ட்ரீம்) ஒரு ஆல்பமாகவும் எண்ணத் தொடங்கியது. 2018 ஜூலையில் அதைப் பிரித்து, சந்தா கட்டியவர்களின் 1250 ஸ்ட்ரீம்கள், விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்களின் 3750 ஸ்ட்ரீம்கள் என்று ஆக்கியது. இந்த விகிதம் கல்வெட்டு இல்லை, மாறிக்கொண்டே இருப்பது. எழுதும் வாரத்தில் எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் 2015 மார்ச்சில் வேறு வழி பிடித்தது. அதிகம் கேட்கப்பட்ட 12 பாடல்களை மட்டும் எடுத்து, அவற்றில் முதல் இரண்டை மற்றவற்றின் சராசரிக்குக் குறைத்து, மொத்தத்தை 1000ஆல் வகுத்தார்கள். ஒரே ஒரு வெற்றிப் பாடல் ஆல்பம் முழுவதையும் தோளில் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதே காரணம்.

பில்போர்டில் அப்படி ஒரு வரம்பு இல்லை. அதனால்தான் 24 பாடல், 30 பாடல் என்று நீளும் ஆல்பங்கள் வருகின்றன. எல்லாப் பாடல்களின் ஸ்ட்ரீம்களையும் கூட்டும் முறையில், பாடல் கூடக்கூட அலகும் கூடும். முன்னரே ஒற்றைப் பாடலாக வந்து பிரபலமானது ஆல்பத்திலும் இருந்தால், அந்த வாரம் அதற்குக் கிடைக்கும் ஸ்ட்ரீம்களும் இதில் சேரும். முன்பதிவு செய்த வினைல்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பப்படும் வாரத்தில் மொத்தமாகக் கணக்கில் ஏறும். அடுத்த வாரம் 3லிருந்து 60க்கு விழுந்தால் 'ரசிகர்கள் கைவிட்டார்கள்' என்று எழுதிவிடாதீர்கள். விற்பனை பெரும்பாலும் முதல் வாரத்திலேயே முடிந்துபோயிருக்கும்.

இவ்வளவையும் தெரிந்துகொள்வது, கேட்கும்போது அந்த எண்ணை மறப்பதற்காகத்தான்.

செயலியில் மாற்ற வேண்டியவை

பாடல் வரிசையைக் கலைத்துப் போடுவதை (ஷஃபிள்) நிறுத்துங்கள். ஒரு பாடல் மறைய அடுத்தது எழும் கலப்பையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் பாடல்களுக்கு நடுவே கலைஞர் வைத்த மௌனம் காணாமல் போகும். ஆல்பம் முடிந்ததும் தானாக வேறு பாடல் ஓடும் வசதியும் வேண்டாம். கடைசிப் பாடல் என்ன உணர்வில் விட்டது என்று தெரிவதற்குள் யாரோ ஒருவர் பாட வந்துவிடுவார். பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை நேராக்குங்கள்.

ஒலியளவைச் சமன்செய்யும் வசதி மட்டும் இருக்கட்டும். சத்தம் ஒரு டெசிபல் கூடினாலே 'இது நன்றாக இருக்கிறது' என்று காது ஏமாறும். ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் -14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவை) அளவுக்குச் சமன்செய்கிறது. ஆல்பத்தை வரிசையாக ஓடவிட்டால் பாடல்களுக்கு இடையிலான ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். கலைத்துப் போட்டால் ஒவ்வொன்றும் தனியாகச் சமனாகி, மெல்லிய பாடல் மெல்லியதாகவே கேட்காது.

டால்பி அட்மாஸ் (ஒலி சுற்றிலுமிருந்து வருவதுபோல் கேட்கவைக்கும் முறை) என்று காட்டினால் அணைத்துவிட்டு ஸ்டீரியோவில் கேளுங்கள். அது தனியாகச் செய்யப்பட்ட வேறொரு மிக்ஸ், அதாவது குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலந்த வேறொரு கலவை. அதில் குரல் பின்னே தள்ளிக் கேட்கிறது என்று நீங்கள் குறை எழுத, ஸ்டீரியோவில் கேட்ட வாசகருக்கு ஒன்றும் புரியாது. முதல் இரண்டு சுற்றுக்குக் கம்பி ஹெட்ஃபோன் நல்லது. ப்ளூடூத்தில் சுருக்கப்பட்டு வரும் ஒலியில் சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) ஓசை மணல்போல் சிதறும். பழி மிக்ஸிங் செய்தவர் மேல் விழும்.

மூன்று சுற்று

முதல் சுற்றில் பாடல் பெயரைக்கூடப் பார்க்காமல் முழுதாகக் கேளுங்கள், குறிப்பு எடுக்காமல். முடிந்த பத்து நிமிடத்துக்குள் நினைவில் நிற்பதை ஐந்து வரி எழுதிவிடுங்கள். இந்த ஐந்து வரியைப் பிறகு திருத்தக் கூடாது. ஏற்கெனவே ஒற்றைப் பாடலாகக் கேட்டுப் பழகியவற்றுக்கு ஒரு புள்ளி வையுங்கள். அவை பிடித்துப்போவதில் பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிறகு யோசிக்க அது உதவும்.

இரண்டாம் சுற்று மறுநாள். இதுதான் உண்மையான வேலை, ஆல்பத்தின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். பாடல் எண், நிமிடம், காதில் விழுந்தது என்று மூன்று கட்டம் போதும்: '4 – 1:52 – தாளம் நின்று குரல் மட்டும்'. உங்கள் கருத்தை இந்தக் கட்டத்தில் கலக்காதீர்கள், அதற்கு நோட்டின் எதிர்ப்பக்கம் இருக்கிறது. பேஸும் (தாழ்ந்த ஒலி) காலால் அடிக்கும் கிக் டிரம்மும் ஒன்றையொன்று விழுங்குகின்றனவா? பல்லவி இரண்டாவது முறை வரும்போது ஏதாவது புதிதாகச் சேர்கிறதா, அல்லது நகலெடுத்து ஒட்டியதா? அருகருகே வரும் மூன்று பாடல்கள் ஒரே வேகத்தில் ஒரே சுருதியில் இருக்கின்றனவா? நீளமான ஆல்பங்கள் பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய இடத்தில்தான் தொய்யும். அங்கே கவனம் தப்பினால், தப்பிய நிமிடத்தையும் எழுதுங்கள். அது ஆல்பத்தின் குறையா உங்கள் களைப்பா என்று அறிய, மறுநாள் அந்தப் பகுதியை மட்டும் முதலில் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் சுற்று ஸ்பீக்கரில், ஒருமுறை மெல்லிய ஒலியில், ஒருமுறை சற்றுக் கூட்டி. ஒலி குறையும்போது தாழ்ந்த சுருதிகள் காதுக்கு முதலில் மங்கும். பேஸை நம்பியே நிற்கும் பாடல் அங்கே வெறும் கூடாகிவிடும். கூட்டினாலும் அளவு உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

ஐந்தாறு சுற்றுக்கு மேல் வேண்டாம். திரும்பத் திரும்பச் சந்திப்பதாலேயே ஒன்று பிடித்துப்போகும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் காட்டினார். முதல் நாள் ஐந்து வரியைத் திருத்தக் கூடாது என்றது இதற்காகவே: இறுதித் தீர்ப்பு அதற்கு நேர்மாறாக இருந்தால், நடுவில் எந்தப் பாடலின் எந்த இடம் உங்களை மாற்றியது என்று சுட்டிக்காட்ட முடிய வேண்டும்.

எழுதும்போது

500, 600 சொல் போதும். தீர்ப்பை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். கடைசிவரை ஒளித்துவைக்க இது துப்பறியும் கதை இல்லை. 'குரல் மனதை வருடுகிறது' என்பதை எந்த ஆல்பத்துக்கும் ஒட்டலாம். 'நான்காம் பாடலில் 1:52க்குத் தாளம் நிற்கிறது, அதுவரை மூடிக்கிடந்த வரிகள் அங்கேதான் தெளிவாகக் கேட்கின்றன' என்பதை வாசகர் தானே போட்டுச் சரிபார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம். 'வேற லெவல்', 'தனி ரகம்' எல்லாம் முதல் வரைவில் இருந்துவிட்டுப் போகட்டும், இரண்டாவதில் எடுத்துவிடுங்கள். பட்டியல் இடத்துக்கு ஒரு வாக்கியம் கொடுத்தால் தாராளம்.

தயாரிப்பாளர், மிக்ஸிங் பொறியாளர், மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியை இறுதியாகச் சீர்செய்வது) பொறியாளர் மூவரும் வேறுவேறு ஆட்களாக இருக்கலாம். பாடல் விவரப் பக்கத்தைப் பார்க்காமல் யாரையும் புகழவோ திட்டவோ வேண்டாம். மதிப்பெண் போடுவதானால் கடந்த மூன்று மாதம் நீங்கள் போட்டவற்றை எடுத்துப் பாருங்கள். எல்லாம் 7க்கும் 8க்கும் நடுவில் இருந்தால் உங்கள் அளவுகோல் வேலை செய்யவில்லை.

எந்தப் பதிப்பை, எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்று அடியில் குறிப்பிடுங்கள். ஸ்ட்ரீமிங்கில் ஒரு ஆல்பத்தை வெளியிட்ட பிறகும் மாற்ற முடியும். அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட் 2016இல் தன் ஆல்பம் வெளிவந்த பின்னரே அதன் மிக்ஸ்களை மாற்றினார். கூடுதல் பாடல்களோடு டீலக்ஸ் பதிப்பு இரண்டாம் வாரமே வந்துவிடுவதும் உண்டு, அப்போது பட்டியலில் இரண்டும் ஒரே ஆல்பமாகவே எண்ணப்படும். நீங்கள் கேட்டது 14 பாடலா 22 பாடலா என்பது உங்கள் குறிப்பில் மட்டும்தான் இருக்கும்.