அகநானூற்றைத் தினமும் படிக்க எனக்கு உதவிய வழி

அகநானூற்றைத் தினம் ஒரு பாட்டாக வரிசையில் படித்தபோது பாதியில் நின்றுபோனது. இன்று பாலை, நாளை குறிஞ்சி, அப்புறம் மறுபடி பாலை. மனம் எந்த நிலத்திலும் தங்கவில்லை.

தொகுப்பின் எண்முறையே வழி காட்டியது. ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை, 200 பாட்டு. 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம்; 10, 20 என வருபவை நெய்தல். சரி, திணை திணையாகப் படிப்போம் என்று மாற்றினேன். முதலில் முல்லை: 4, 14, 24 என்று 40 பாட்டுதான்.

காலையில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போகும் ரயிலில் மூலம் மட்டும், மாலை திரும்பும்போது உரை. உரையை முதலில் பார்த்தால் பாட்டின் ஓசை காதில் விழாது என்பது என் உறுதியான எண்ணம். கார்காலமும் தலைவனின் தேரும் திரும்பத் திரும்ப வர, அருஞ்சொற்கள் அகராதி இல்லாமலே பிடிபட்டன. இப்போது மருதத்தில் இருக்கிறேன்.